அம்மா வீட்டுச் சாப்பாடு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நான், அம்மா, அப்பா மூவரும் நலம். அந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் விட்டதா?

பையோடு இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. நம் பழைய அறையில்தான் படுக்கிறேன். கட்டில் அப்படியே இருக்கிறது, நான்தான் வளர்ந்துவிட்டேன். பாதம் இரண்டும் வெளியே தொங்குகின்றன.

இதைப் போனில் சொல்ல முடியாது. போன் கூடத்தில் இருக்கிறது. மணி அடித்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். ஆண்டுப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். நன்றாகவே ஏறியிருக்கிறதாம். அது இறங்கும்வரை தொலைதூர வண்டியை ஓட்டக் கூடாது. அதனால்தான் இந்த ஊர் டிப்போவில் அட்டவணை எழுதும் வேலை. மே மாதம் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இறங்கியிருந்தால் ஸ்டியரிங். இல்லாவிட்டால் இந்த நாற்காலிதான் எனக்கு. வீட்டுக்காரியும் மகளும் பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் இருந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

அம்மாவிடம் தற்காலிக மாற்றல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்குக் காலை எடுத்த நாளிலிருந்து 'சர்க்கரை' என்று யாராவது சொன்னால் அவள் முகம் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நீயும் வாயைத் திறக்காதே. பதிலை டிப்போ முகவரிக்கே எழுது.

ஆனால் இந்த வீட்டில் பத்தியம் இருப்பது லேசான காரியமா? வந்த அன்று மேசையைப் பார்த்தேன். பொரித்த மீன், தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, வெண்ணெயில் முறுகவிட்ட உருளைக்கிழங்கு, கடைசியில் பாலைச் சுண்டக் காய்ச்சிய அந்த இனிப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணம் வந்து கையைப் பிடித்து இழுத்தது. பள்ளிக்கூடம் விட்டு நீயும் நானும் ஓடி வருவோமே, அதே மணம். இனிப்பை மட்டும் நாளைக்கு என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள பூனைக்கு,

(நாற்பத்தைந்து வயதானாலும் நீ பூனைதான். அடுப்பில் இருந்த பாலாடையை வழித்துத் தின்றவனுக்கு வேறு என்ன பெயர்?)

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஆலையில் புதிய கம்பளி நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. என் பிரிவில் இருபது பெண்களும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மறைத்தது சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் ரகசியம், நீயே வைத்துக்கொள். நான் சொல்ல மாட்டேன். எனக்கு ரகசியங்களைக் காப்பாற்றிப் பழக்கமாகிவிட்டது.

மாத்திரையை ஒழுங்காகப் போடு. நட. சாப்பாட்டில் பாதியைக் குறை, ஆனால் அடியோடு வேண்டாம் என்று சொல்லாதே. அது அந்த வீட்டில் யாரையாவது நோகடிக்கும்.

அம்மா பாத்திரம் கழுவினால் நீ வாங்கிக் கழுவு. தண்ணீர் குளிர்ந்திருக்கும். போன வருடம் நான் வந்து ஒரு மாதம் இருந்தபோது... சரி, அது வேறு கதை.

சாப்பிடும்போது அப்பா உன் கூட உட்காருகிறாரா?

பத்திரமாக இரு.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலம். உன் ஆலையில் நூல் அறுவது நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பா கூட உட்காருகிறாரா என்று கேட்டாயே, உட்காருவதா? எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்க்கிறார். நாற்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர், சின்ன வயதில் நான் பரீட்சையில் தேறினேனா என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது நான் ஒரு கவளம் வாயில் வைத்தால் அவர் மெல்லுவதை நிறுத்திவிடுகிறார். "எப்படி இருக்கு?" என்று அம்மாதான் கேட்பாள். "நல்லா இருக்கும்மா" என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் தாடை அசையும்.

வயதான காலத்தில் அவருக்கு அம்மா மேல் பாசம் பொங்கிவிட்டது. சூடான பாத்திரத்தை அவரே தூக்கி வருகிறார். தண்ணீர் கேட்டால்கூட "உக்காரு, உக்காரு" என்று அவரே எழுந்து போகிறார். அம்மா மடியில் துண்டைப் போட்டு, அதற்குள் கையை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சமையலறைப் பக்கம் மட்டும் என்னை விடுவதில்லை. புகை என்கிறார்கள். கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது.

அம்மாவின் கை இன்னும் தேர்ந்துவிட்டது. உருளைக்கிழங்குத் துண்டுகள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை நீ பெரிய துண்டாகப் பொறுக்கிவிட்டாய் என்று நான் அழுவேனே, இப்போது சண்டை போட வழியே இல்லை.

என் தந்திரங்களைக் கேள். டிப்போவிலேயே வெள்ளரிக்காயும் அவித்த பயறும் தின்றுவிட்டு வந்து 'பசியில்லை' என்பேன். மதியத்துக்குக் கட்டித் தருவதை எங்கள் கண்டக்டர் 'சில்லறை'க்குக் கொடுத்துவிடுகிறேன். மீதிச் சில்லறையே தராதவன் என்பதால் அந்தப் பெயர். அவன் விரலை நக்கிக்கொண்டே, "உங்க அம்மா கைக்கு வளையல் போடணும் அண்ணே" என்கிறான். நான் வெள்ளரிக்காயைக் கடித்தபடி அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா சொல்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 14

பூனைக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் வேலை என்று வைத்துக்கொள். எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்தேன்.

தினமும் ஒரு கரண்டியாவது சாப்பிடு. 'நல்லா இருக்கு' என்று சத்தமாகச் சொல். அம்மாவைப் பார்த்துச் சொல்லாதே, பொதுவாகச் சொல். ஏன் என்று கேட்காதே.

கட்டித் தருவதை யாருக்கும் கொடுக்காதே. தெரிந்தால் மனம் விட்டுப்போகும்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நலத்துக்குக் குறைவில்லை, நிம்மதிதான் இல்லை.

நீ எனக்கு அக்காவா, சர்க்கரைக்கு அக்காவா? சர்க்கரையை இறக்க வேண்டியவனிடம் சாப்பிடு என்கிறாய்.

நேற்று முன்தினம் என் பிறந்தநாள். மேசையில் அந்தப் பால் இனிப்பு. நடுவில் ஒரே ஒரு முந்திரி. நான் எட்டாம் வகுப்பில் முதல் பரிசு வாங்கிய அன்று அம்மா வைத்த மாதிரியே. ஆனால் மே மாதம் முன்னால் நிற்கிறது. கையைத் தட்டுக்கு மேலே வைத்து மூடிக்கொண்டேன்.

"வேணாம்மா. எனக்கு இப்பெல்லாம் இனிப்பே பிடிக்கிறதில்ல."

அப்பாதான் எழுந்தார்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு மொதல் நாளே சொல்லியிருக்கணும். மனுஷன் காலையிலேர்ந்து நின்னு கிண்டினது."

"மனுஷனா?" என்றேன்.

"மனுஷிதான்" என்றாள் அம்மா அவசரமாக. "கோவத்துல அவருக்கு வார்த்தை தடுமாறும்."

அப்பா தன் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. கோபப்பட வேண்டிய அம்மா சும்மா இருக்கிறாள், இவருக்கு ஏன் இவ்வளவு ரோஷம்? உனக்கு ஏதாவது புரிகிறதா?

உன் பதிலைச் சீக்கிரம் எதிர்பார்க்கிறேன்.

தம்பி


மே 3

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இனித் தேவையும் இல்லை.

இன்று காலை டிப்போவுக்குப் போன பிறகுதான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று தெரிந்தது. திரும்பி வந்தேன். முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பின்பக்கமாகப் போவோம் என்று சந்துக்குள் நுழைந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

அப்பா அம்மாவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். உருளைக்கிழங்கை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் முதல் துண்டோடு வைத்துச் சரிபார்த்து ஒதுக்கினார். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையும் வெந்நீர்க் கிண்ணத்துக்குள். அக்கா, அந்த விரல்களை நான் இந்த மூன்று மாதத்தில் பார்க்கவேயில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கிறது. துணி தைத்து நம்மைப் படிக்கவைத்த விரல்கள்.

"வெங்காயம் எவ்வளவு செவக்கணும்?" என்று கேட்டார்.

"நம்ம முன்கதவு நிறத்துக்கு."

"பழைய நிறமா, புதுப் பெயின்டா?"

"பழசு."

அவர் சிறிது நேரம் கிளறினார். பிறகு கேட்டார்: "இன்னிக்காவது சாப்பிடுவானா?"

"சாப்பிடுவான்."

"நான் பண்றதுன்னு நாக்குக்குத் தெரிஞ்சுடுதோ என்னவோ. உன் கைப்பக்குவம் வரல."

"அதெல்லாம் வந்தாச்சு. அவனுக்கு வேற ஏதோ கவலை. கேட்டா சொல்ல மாட்டான்."

நான் சத்தம் போடாமல் நடந்து தெருவுக்கு வந்துவிட்டேன். கண்ணாடியை எடுக்கவில்லை. நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதியதில், வடக்கே போகிற வண்டியைக் கிழக்கே அனுப்பிவிட்டேன்.

உனக்குத் தெரியும்தானே?

தம்பி


மே 17

என் தம்பிக்கு,

தெரியும். உன் கடிதம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலியால் அல்ல. பாரம் இறங்கியதால்.

போன வருடம் நான் வந்தபோதே அம்மாவால் கரண்டி பிடிக்க முடியவில்லை. இருவரும் ரொட்டியும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையாவது சமையலுக்கு வைக்கலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அப்பா ஒரு கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "எனக்குச் சொல்லிக் குடு" என்றார். ஒரு மாதம் அடுப்படியில் நின்றோம். எத்தனை சட்டியைக் கருக்கினார் தெரியுமா? உப்பை எத்தனை மில்லிமீட்டர் போட வேண்டும் என்று கேட்டார். நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டார். கிளம்பும் அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லாத. அவன் வீட்டுக்கு வந்தா, அவன் விட்டுட்டுப் போன வீடு இருக்கணும்" என்றாள். அப்பாவுக்கு வேறு காரணம். மருமகளுக்குத் தெரிந்தால் கௌரவம் போய்விடுமாம்.

பிறகு உன் கடிதம் வந்தது. உன்னுடையதை அவர்களிடம் சொல்லக் கூடாது, அவர்களுடையதை உன்னிடம் சொல்லக் கூடாது. நான் என்னதான் செய்வேன்?

அப்பாவிடம் பேசு. ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று?

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். நான் சுகமில்லை.

ஜன்னலில் பார்த்த அன்றிலிருந்து எதையும் மறுக்க என்னால் முடியவில்லை. மீன், குழம்பு, உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இனிப்பை வழித்து நக்கினேன். அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஒரு நாள் மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அந்த வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. அந்த முணுமுணுப்புக்காக இன்னொரு கிண்ணம் சாப்பிட்டேன்.

மே கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். முன்பைவிட ஏறியிருக்கிறது. டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பிவைத்து, "என்ன சார், போட்டிக்குச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி.

அன்று வீட்டுக்கு வந்தேன். மேசையில் சாப்பாடு வைத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"அம்மா, எனக்குச் சர்க்கரை. ஜனவரியிலேர்ந்து. வண்டி ஓட்ட விடல. அதான் இங்க வந்தேன்."

அம்மா துண்டுக்குள் இருந்த கையை எடுக்கவே இல்லை. கண் மட்டும் என் காலுக்குப் போனது. இடது கால், வலது கால் என்று மாறி மாறிப் பார்த்தாள். மாமாவை நினைக்கிறாள் என்று புரிந்தது. செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் காட்டினேன். "ஒன்னும் இல்லம்மா. பாரு, நல்லா இருக்கு." பிறகுதான் அழுதாள்.

அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "அன்னிக்கு இனிப்பு வேணாம்னது இதுக்காகவா?"

"ஆமாப்பா."

"நல்லா இல்லாததால இல்லையே?"

"இல்லப்பா."

தட்டுகளை எல்லாம் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். சர்க்கரை டப்பா அலமாரியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அவர்களுடைய ரகசியத்தை நான் தொடவில்லை. அவர்களாகச் சொல்லட்டும்.

தம்பி


ஜூன் 11

மகளுக்கு,

நான் நலம். அம்மா நலம். தம்பி நலமில்லை. நலமாக்கிவிடலாம்.

அவனுக்குச் சர்க்கரை என்பது உனக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்கிறேன்.

தேங்காய்ப்பால் இல்லாமல் குழம்பு கெட்டியாவதற்கு என்ன வழி? மீனைப் பொரிக்காமல் சுட்டால் சட்டியில் ஒட்டுகிறது. என்ன செய்வது? எண்ணெய் அரைக் கரண்டிக்கு மேல் கூடாது என்று டாக்டர் தாளில் இருக்கிறது. அரைக் கரண்டி என்றால் எந்தக் கரண்டி? படம் வரைந்து அனுப்பு.

தபாலை அவசரம் என்று போடு.

அப்பா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

வணக்கம் எல்லாம் அப்புறம். இறங்கிவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் நான் மறுபடி வண்டி ஏறுகிறேன்.

அப்பா கரண்டிக்குப் படம் கேட்டதாக எழுதினாயே, நீ என்ன வரைந்து அனுப்பினாயோ, முதல் மாதம் நாங்கள் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது. குழம்பு சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி இருந்தது. மீன் சட்டியோடு ஐக்கியமாகிவிட்டது. மாசக்கணக்கில் நல்ல சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லப் படாத பாடு பட்டேன். இப்போது இதைச் சாப்பிட அதே பாடு பட்டேன். "இன்னிக்கு அம்மா புதுசா ஒன்னு பண்ணியிருக்கா" என்று அப்பா சொல்வார். அம்மா கூசாமல் தலையாட்டுவாள். 'சில்லறை' ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்துவிட்டு, "அண்ணே, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டான்.

ஆனால் ஜூலை பாதியில் ஒரு கத்தரிக்காய் வந்தது. நெருப்பில் சுட்டுத் தோலுரித்து, பூண்டு போட்டு மசித்தது. நீ சொல்லிக் கொடுத்ததா, அவரே கண்டுபிடித்ததா? வாயில் வைத்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம். அவ்வளவு நன்றாக இருந்தது.

மாலையில் நானும் அப்பாவும் நடக்கிறோம். ரயில் கேட்வரை போய்த் திரும்புவோம். அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது, காய்கறிக் கடை வந்தால் மட்டும் நின்று கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பார். கடைக்காரர் முறைப்பார்.

அத்தானுக்கு என் அன்பு.

பூனை


செப்டம்பர் 6

பூனைக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆலையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். என் தம்பிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றேன். அதற்கு இனிப்பா என்று சிரித்தார்கள்.

கத்தரிக்காய் நான் சொன்னதில்லை.

மெதுவாக ஓட்டு.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நலம். மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள், வீட்டுக்காரி என் தட்டை டாக்டரம்மாவைவிடக் கடுமையாகக் கவனிக்கிறாள்.

முதலில் செய்தி. என் புது வழித்தடம் அம்மா வீடு இருக்கும் ஊரைத் தொட்டுப் போகிறது. மதியச் சாப்பாட்டுக்கு வண்டி அங்கே நிற்கும். நேற்று முதல் தடவை. 'சில்லறை'தான் என் கண்டக்டர். பயணிகள் ஓட்டலுக்குள் போனதும் நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

அம்மா அப்பாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். சுட்ட மீன், கீரை, அந்தக் கத்தரிக்காய். 'சில்லறை' தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். கடைசியில் கையை உதறிக்கொண்டு, "அம்மா, நீங்க ஒரு கடை போடுங்க. நான் வேலைய விட்டுட்டு கல்லாவுல உக்காந்துடறேன். இந்தக் கைக்கு என்ன குடுத்தாலும் தகும்" என்றான்.

அம்மா வழக்கம்போலத் தலையாட்டப் போனாள். அப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அவ கை இல்ல. நான் பண்ணது."

'சில்லறை' என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். ஆச்சரியப்பட வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். "நெஜமாவாப்பா?" என்று கண்ணை அகல விரித்தேன். அக்கா, நான் நடிப்புக்கு லாயக்கே இல்லை. அம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துண்டுக்குள் இருந்த இரண்டு கையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது வர மாட்டேங்குதுடா. என்னத்தப் பண்ண."

நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அழுத்தாமல்தான் பிடித்தேன். வண்டிச் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் அவ்வளவு கவனமாக நான் பிடித்ததில்லை.

அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மீனை விரலால் காட்டி, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் வாயால் கேட்டார்.

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையை ஆண்டு முழுக்க அம்மாவிடம் சொல்லித் தீர்த்துவிட்டேன் என்று தோன்றியது.

"மீன்ல உப்பு கொஞ்சம் கம்மிப்பா. கத்தரிக்காயில பூண்டு இன்னும் நாலு பல் தாங்கும்."

அம்மா என்னை முழங்கையால் இடித்தாள். ஆனால் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் சமையலைப் பற்றி, உன்னையும் அம்மாவையும் தவிர, அதுவரை ஒருவரும் அவரிடம் குறை சொன்னதில்லை. அது அவருடையது என்று தெரிந்தால்தானே சொல்வார்கள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உப்பு கம்மியா," என்றார் யோசனையோடு. "சரி. வேற? கீரை? கீரைய விட்டுட்டியே. மொத்தமா சொல்லு."

"அண்ணே, வண்டி..." என்றான் 'சில்லறை'.

"இருப்பா, பேசிட்டிருக்கோம்ல" என்றார் அப்பா.

பயணிகள் வண்டிக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். நான் கீரையில் தொடங்கினேன்.

உடம்பைக் கவனி. உனக்கு லீவு எப்போது?

தம்பி